யார் வீட்டுக் காளை?

காசிக்குப் போகிறவர்களுக்கு உள்ளூர்க்காரர்கள் ஒரு பழமொழி சொல்வார்கள். கைம்பெண், காளை, படிக்கட்டு, சாமியார்... இந்த நாலிடமும் தப்பித்தவன்தான் காசியில் குடியிருக்க முடியும் என்று. முதலாவதைச் சேர்த்தது எந்தக் காலத்து ஆண்பிள்ளையின் குசும்போ! பெற்ற பிள்ளைகளே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன அந்தப் பெண்களிடம் யார், எதற்குத் தப்பிக்க வேண்டும்? அதை விடுங்கள். படிக்கட்டு வழுக்கும், சரி. சாமியார் கை நீட்டுவார், அதுவும் சரி. மிச்சம் இருப்பது காளை. இந்த வாரம் அதைப் பற்றித்தான்.

காசிச் சந்துகளின் அகலம் போனவர்களுக்குத் தெரியும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அந்தச் சந்தில் எதிரே ஒரு காளை வந்தால்? நான் போயிருந்தபோது வந்தது. வெள்ளை உடம்பு, மலை மாதிரி திமில். நாங்கள் ஏழெட்டுப் பேர் அவசரமாக ஒரு கடைத் திண்ணையில் ஏறி நின்றோம். காளைக்கு எந்த அவசரமும் இல்லை. ரிட்டயரான தாசில்தார் காலையில் வாக்கிங் போகிற மாதிரி நடந்து வந்து, ஒரு பூரிக் கடை முன்னால் நின்றது. கடைக்காரர் எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே பக்கத்துத் தட்டிலிருந்து இரண்டு பூரியை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டது. அவர் அதன் நெற்றியைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூன்றாவது பூரி கிடையாது. காளையும் கேட்கவில்லை. அடுத்த கடைக்குப் போய்விட்டது.

"இது யார் வீட்டு மாடு?" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "யார் வீட்டு மாடும் இல்லை. போலேநாத்துடையது" என்றார். போலேநாத் என்றால் சிவபெருமான்தான். செல்லப்பெயர்.

வடக்கே பல வீடுகளில் சுடுகிற முதல் ரொட்டி பசுவுக்கு, கடைசி ரொட்டி நாய்க்கு என்று வழக்கம். அதனால் மாட்டுக்கு ரொட்டி கொடுப்பது அங்கே பெரிய விஷயமில்லை. ஆனால் பால் கறக்காத, வண்டி இழுக்காத, ஏர் உழாத ஒரு ஜீவனுக்கு ஒரு ஊரே தீனி போடுகிறது என்றால் காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணம் கொஞ்சம் துக்கமான இடத்தில் இருக்கிறது. சாவு வீட்டில்.

ஒருவர் இறந்தால் பதினோராம் நாள் செய்கிற காரியங்களில் விருஷோத்ஸர்க்கம் என்று ஒன்று உண்டு. விருஷம் என்றால் காளை. உத்ஸர்க்கம் என்றால் விட்டுவிடுவது. ஓர் இளம் காளையைக் குளிப்பாட்டிப் பூச்சூட்டி, ஒரு பக்கம் சூலமும் மறு பக்கம் சக்கரமும் சூடு போட்டு, இனி உனக்கு எஜமான் இல்லை, இஷ்டம்போலப் போ என்று அவிழ்த்துவிடுவார்கள். இதைச் செய்யாவிட்டால் போன உயிருக்குப் பிரேத நிலை நீங்காது என்கிறது கருட புராணம். நம் பக்கம் இப்போது இதற்கு நிஜக் காளை விடுவதை நான் பார்த்ததில்லை. எங்கள் பெரியப்பாவின் காரியத்தில் வாத்தியார் இந்தக் கட்டத்துக்கு வந்து, இன்னதென்று விளக்கிச் சொன்னார். அவருடைய பேத்தி, ஏழு வயசு, "காளை எங்கே தாத்தா?" என்று கேட்டாள். வாத்தியார் சிரித்துக்கொண்டே பக்கத்திலிருந்த தட்சணைக் கவரைக் காட்டினார். குழந்தை கவருக்குள் எட்டிப் பார்த்தது.

ஆக, காசியில் பூரி வாங்கித் தின்ற அந்தக் காளை எந்த மகனோ எந்த அப்பாவுக்காகவோ விட்டதாக இருக்கலாம். அவிழ்த்துவிட்டவன் மொட்டைத் தலையைத் துண்டால் மூடிக்கொண்டு ரயிலேறிப் போய்விட்டான். மிச்சக் காரியத்தைப் பூரிக் கடைக்காரர் பார்த்துக்கொள்கிறார். இறந்தவர் யார் என்று அவருக்குத் தெரியாது. கவனித்துப் பாருங்கள், இது வேடிக்கையான ஏற்பாடு. புண்ணியம் விட்டவனுக்கு, தீனிச் செலவு ஊருக்கு. ஊருக்கும் ஒரு லாபம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அப்படித் திரிந்த காளைகள்தான் அக்கம்பக்கத்துப் பசுக்களுக்கெல்லாம் பொலிகாளை. வெள்ளைக்காரர்கள் இவற்றுக்கு 'பிராமினி புல்' என்று பெயர் வைத்து, ரிப்போர்ட் ரிப்போர்ட்டாக எழுதித் தள்ளினார்கள்.

எழுதியதோடு போகவில்லை, கோர்ட்டுக்கும் போனது. எனக்கு மிகவும் பிடித்த கேஸ்கள் இவை. சாவுக் காரியத்தில் அவிழ்த்துவிட்ட காளை ஒன்றை ஒருவர் அபகரித்துக்கொண்டார் என்று வழக்கு. அலகாபாத் ஹைகோர்ட் யோசித்தது. திருட்டு என்றால் அது யாருடைய சொத்தாகவாவது இருக்க வேண்டுமே? இந்தக் காளையை விட்டவர் தன் உரிமை முழுவதையும் கைவிட்டுவிட்டார். வேறு யாருக்கும் கொடுக்கவும் இல்லை. ஆகவே இது யாருடைய சொத்தும் அல்ல, காட்டு மிருகம் மாதிரி, இதைத் திருடவே முடியாது என்று தீர்ப்பு. 1886-ஆம் வருஷத்துச் சட்டத் தொகுதியில் இருக்கிறது. 1890-ல் கல்கத்தாவும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது. போலேநாத்தின் பெயரைச் சாட்சிப் பட்டியலில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. (அந்த வழக்குகள் நடந்த இந்தியத் தண்டனைச் சட்டமே 2024 ஜூலை 1-ஆம் தேதி ஓய்வு பெற்றுவிட்டது. காளைகள் இன்னும் சர்வீஸில் இருக்கின்றன.)

யாருடையதும் இல்லை என்று பூரிக் கடைக்காரரும் சொன்னார், நீதிபதியும் சொன்னார். வார்த்தை ஒன்றுதான். அவர் சொன்னதில் எல்லோருடையதும் என்று அர்த்தம். இவர் சொன்னதில் நாதியில்லாதது என்று அர்த்தம். இரண்டுக்கும் நடுவே இருப்பது அந்த இரண்டு பூரி மட்டும்தான்.

இந்த வித்தியாசம் இன்றைக்கு உத்தரப்பிரதேசத்தில் கண்ணெதிரே தெரிகிறது. உழவுக்கு டிராக்டர் வந்தாயிற்று. சினைக்கு ஊசி வந்தாயிற்று. காளைக்கன்று பிறந்தால் விவசாயிக்கு அது வெறும் தீனிச் செலவு. பசுவதைத் தடைச் சட்டம் அந்த மாநிலத்தில் 1955-லிருந்தே உண்டு. 2017-க்குப் பிறகு கெடுபிடியும் ஏறியது. விற்கவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. என்ன செய்வார்கள்? ராத்திரியில் அடுத்த ஊர் எல்லையில் அவிழ்த்துவிடுகிறார்கள். அடுத்த ஊர்க்காரர்கள் இங்கே கொண்டுவந்து விடுகிறார்கள். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்கத் தெருவில் திரியும் மாடுகள் 50 லட்சத்துக்கு மேல். உத்தரப்பிரதேசத்தில் மட்டும் 11 லட்சத்துக்கு மேல். கோதுமை வயலைச் சுற்றி முள்கம்பி, பரண் மேல் டார்ச் லைட்டோடு ராக்காவல். 2022 சட்டசபைத் தேர்தலில் இது பெரிய பிரச்சினையாகவே ஆகிப்போனது. இந்த மாடுகளுக்கு அங்கே பேச்சு வழக்கில் 'ச்சுட்டா' என்று பெயர். அவிழ்த்துவிடப்பட்டது என்று அர்த்தம்.

உத்ஸர்க்கம் என்றாலும் அதே அர்த்தம்தான்! ஒன்று பகலில், மந்திரம் சொல்லி, பூ வைத்து. மற்றது இருட்டில், வேனில் ஏற்றி.

சரி, நம் ஊருக்கு வருவோம். அலகாபாத்தும் கல்கத்தாவும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1888-ல் சென்னை ஹைகோர்ட் முன்னாலும் ஒரு காளை வந்து நின்றது. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளை. ஊரெல்லாம் திரியும், எவரும் கட்டிப்போடுவதில்லை. இதுவும் யாருடைய சொத்தும் இல்லைதானே என்று கேட்டால், சென்னை ஒப்புக்கொள்ளவில்லை. சாமிக்கு விட்டது சாமியுடையது. அந்தக் கோயிலின் தர்மகர்த்தாதான் அதற்குப் பொறுப்பு, உரிமையும் அவருக்கே, கடமையும் அவருக்கே என்று தீர்ப்பாயிற்று. சட்டப் புத்தகத்தில் இதைப் படித்தபோது, தென்பாண்டிச் சீமையில் எந்தப் பெரியவரைக் கேட்டிருந்தாலும் ஃபீஸ் வாங்காமல் இதையே சொல்லியிருப்பாரே என்று தோன்றியது.

ஏனென்றால் அந்த மாதிரி ஒரு காளையை நான் பார்த்திருக்கிறேன். மேலூர்ப் பக்கம் ஒரு நண்பரின் கிராமம். தை மாசம். ஜல்லிக்கட்டில் வாடிவாசலில் முதலில் அவிழ்ப்பது கோயில் காளையைத்தான், அதை யாரும் பிடிக்க மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்கு ஒரு நாள் கூத்து அது. மற்ற 364 நாளும் அது என்ன சாப்பிடுகிறது என்று எந்த டி.வி.யும் காட்டியதில்லை.

விடிந்ததும் கம்மாய்க்கரைப் பக்கமிருந்து வந்தது. மயிலைக் காளை. தெருவில் யாரும் அதை மாடு என்று சொல்லவில்லை. "சாமி வந்துருச்சு" என்று ஒரு வீட்டில் குரல் கொடுத்தார்கள். அந்த வீட்டு அம்மா ஒரு சட்டியில் ஊறவைத்து ஆட்டிய பருத்திக்கொட்டையும் தவிடும் கலந்து கொண்டுவந்து வைத்தார். குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு சட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். முடிஞ்சுபோச்சு, போ சாமி என்கிற மாதிரி. அது அடுத்த வீட்டுக்குப் போனது. அங்கே கழுநீர். அடுத்த வீட்டில் ஒரு கைப்பிடி புண்ணாக்கு. எதிர் வரிசை வீடுகள் சும்மா இருந்தன. அந்த வாசல்களில் அது நிற்கவும் இல்லை.

"அவுகளுக்கு நாளைக்கு மொறை, தம்பி" என்றார் திண்ணையிலிருந்த பெரியவர்.

"முறையா?"

"ஆமா. தெருவுல ஒரு வரிசைக்கு ஒரு நாளு. ஒரு வீட்டுக்கு ஒரு சட்டி. அதுக்கு மேல வைக்கக் கூடாது. சோறு வைக்கவே கூடாது. ஊர்க் கூட்டத்துல பேசி முடிச்சது."

"சாமிக்குப் போய் அளவா?" என்றேன், சும்மா பேச்சை வளர்க்க.

பெரியவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்ன கதை இது. முந்தின வருஷம் பொங்கலுக்கு, சிங்கப்பூரிலிருந்து ஒரு பையன் நாலு வருஷம் கழித்து ஊருக்கு வந்திருந்தான். போகும்போது கோயில் காளையிடம் வேண்டிக்கொண்டு போனவன். நல்லபடியாகச் சம்பாதித்துத் திரும்பியாயிற்று. நன்றிக்கடன். ஓர் அண்டா சர்க்கரைப் பொங்கல், நெய் மிதக்க மிதக்க, முந்திரி போட்டு, வாழை இலையில் கொட்டி வைத்தான். காளைக்கு அளவு தெரியுமா? முழுவதையும் தின்றது. சுற்றி நின்று எல்லோரும் கும்பிட்டார்கள். போட்டோ எடுத்தார்கள்.

"ராத்திரி சாவடி முன்னால படுத்துச்சு. அசை போடல. பல்லை நறநறன்னு கடிக்குது. எடது பக்கம் வயிறு பறை மாதிரி. மேலூர்ல இருந்து மாட்டு டாக்டரு வந்து சேரயில மணி பன்னெண்டு. குழாயப் போட்டு, ஊசியப் போட்டு... ஊரே உக்காந்திருந்துச்சு தம்பி. எங்காத்தா செத்தன்னைக்குக் கூட இம்புட்டுப் பேரு முழிச்சிருக்கல. அந்தப் பய தலையில அடிச்சுக்கிட்டு அழுகிறான். அவனை என்னன்னு வைய? அவனும் சாமியின்னு நெனச்சுத்தான வச்சான்?"

காளை அஞ்சாம் நாள் எழுந்தது. அதற்குப் பிறகு போட்ட கட்டுப்பாடுதான் இந்த முறை, ஒரு சட்டி, சோறு கூடாது எல்லாம். மொத்தமாகப் போட நினைக்கிறவர்கள் புண்ணாக்கு மூட்டையாகக் கோயிலில் கொடுத்துவிட வேண்டும். பூசாரி கணக்கு எழுதிக்கொள்வார். "முன்னால மொத அஞ்சு வீட்டுலயே அதுக்கு வயிறு ரொம்பிரும். கடைசி வீட்டுக்காரவுக வருத்தப்படுவாக. இப்ப அந்த வருத்தமும் இல்ல" என்றார் பெரியவர். கோர்ட் சொன்ன உரிமையும் கடமையும் இங்கே தர்மகர்த்தாவுக்கு மட்டும் இல்லை, வீட்டுக்கு வீடு சட்டிக் கணக்கில் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சென்னைக்கு வந்ததும் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "பொங்கல் முடிஞ்ச மறுநாள் எங்க எல்லாருக்கும் இதே கேஸ்தான் சார்" என்றார்.

மாட்டின் வயிற்றில் நாலு அறை. முதல் அறைதான் பெரியது, நம் வீட்டுத் தண்ணீர் டிரம் அளவுக்கு. அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. வைக்கோலையும் புல்லையும் மெதுவாக நொதிக்கவைத்து மாட்டுக்குச் சாப்பாடாக மாற்றித் தருவது அவைதான். அதாவது, நாம் மாட்டுக்குத் தீனி போடுகிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் அந்தக் கிருமிகளுக்குத்தான் போடுகிறோம். திடீரென்று ஓர் அண்டா சோறும் வெல்லமும் உள்ளே போனால், மாவுச்சத்தை வேக வேகமாகப் புளிக்கவைக்கிற வேறு ரகக் கிருமிகள் பெருகி அமிலத்தைக் கொட்டுகின்றன. பழைய குடித்தனக்காரர்கள் செத்துப்போகிறார்கள். அசை நிற்கும். ரத்தத்திலிருந்து தண்ணீர் வயிற்றுக்குள் இழுக்கப்படும். கவனிக்காமல் விட்டால் ஓரிரு நாளில் மாடு போய்விடும். உடனே பார்த்தால் சோடா உப்பைக் கரைத்து ஊற்றி அமிலத்தை முறித்து, காப்பாற்ற முடியும். சாதம், இட்லி மாவு, வாழைப்பழக் குலை, கல்யாண வீட்டு மிச்சம் எல்லாமே அளவு மீறினால் இந்தக் கதைதான்.

மாட்டுப் பொங்கலன்று தஞ்சாவூர்ப் பெரிய கோயில் நந்திக்குக் காய்கறியும் பழமும் இனிப்புமாக டன் கணக்கில் அலங்காரம் செய்வார்களே, பார்த்திருக்கிறீர்களா? கண்கொள்ளாக் காட்சி. கல் நந்திக்கு எவ்வளவு சார்த்தினாலும் அஜீரணம் வராது. அதைப் பார்த்துவிட்டு வந்து உயிருள்ள நந்திக்கும் அதே கணக்கில் போட்டால்தான் சிக்கல்.

நகரத்தில் சிக்கல் வேறு விதம். இங்கே மாட்டுக்குப் போடுவது பாதி நேரம் பக்தி, பாதி நேரம் ஃப்ரிட்ஜைக் காலி பண்ணுவது. இரண்டையும் ஒரே பையில் கட்டி வைத்துவிடுகிறோம். முடிச்சைக் கூட அவிழ்க்காமல். மாட்டுக்கு முடிச்சு அவிழ்க்க விரல் இல்லை, பையோடு விழுங்குகிறது. அந்தப் பை முதல் அறையிலேயே தங்கிவிடும், கீழே போகாது, வாந்தியாகவும் வராது. 2019 அக்டோபரில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றை அறுத்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுத்தார்கள். ஆபரேஷன் 5 மணி நேரத்துக்கு மேல் நடந்தது. 52 கிலோ என்பது ஓர் ஆள் எடை! ஒவ்வொரு பையும் யாரோ ஒருவர் வீட்டு வாசலிலிருந்து வந்தது. அதில் சில பைகளை வைத்துவிட்டு, வைத்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டும் இருப்பார்.

திருமூலர் எல்லோராலும் செய்ய முடிகிற தர்மங்களைச் சொல்லும்போது பசுவுக்குக் கொடுப்பதையும் சேர்க்கிறார். ஆனால் எவ்வளவு என்றால், ஒரே ஒரு வாய் அளவு. ஏழையும் செய்யட்டும் என்று குறைத்துச் சொன்னார் என்றுதான் உரைகாரர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வேப்பேரி சமாச்சாரத்தைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு மாதிரியும் தோன்றுகிறது. மாட்டைத் தெரிந்தவர் சொன்ன அளவாகவும் இருக்கலாமே!

போன தை அமாவாசையன்று மயிலாப்பூர் மாட வீதியில் நடந்துகொண்டிருந்தேன். கோயில் பக்கம் ஓர் அம்மாள் அகத்திக்கீரைக் கட்டுகளை அடுக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பசுவும், அதற்குத் துணையாக ஒரு காளைக்கன்றும். நெற்றியில் மஞ்சள், குங்குமம். அமாவாசைக்கு அகத்திக்கீரை கொடுத்தால் பித்ருக்களுக்குப் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. காலையிலிருந்து வரிசையாக ஆட்கள் வந்து வாங்கி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காரை நிறுத்திவிட்டு இறங்கினார். வெள்ளை வேட்டி, ஈரத் தலை. திதி கொடுத்துவிட்டு நேரே வருகிறார் போல. 500 ரூபாய் நோட்டை நீட்டி, "மொத்தக் கட்டையும் போட்டுடும்மா" என்றார்.

அந்த அம்மாள் நோட்டைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். அதன் இடது விலாவில் உள்ளங்கையை வைத்து ஒரு தட்டுத் தட்டினார்.

"காலைலருந்து தின்னுது சார். இதுக்கு மேல தாங்காது. ஒரு கட்டு வாங்கிக்குங்க. அதுலயும் ஒரு பிடி இதுங்களுக்குக் குடுங்க. மிச்சத்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி நீங்க சமைச்சு சாப்பிடுங்க."

"நான் எங்கப்பாவுக்காகக் கொடுக்கிறேம்மா" என்றார் அவர். குரல் கொஞ்சம் உடைந்தது.

"தெரியுது சார். ஒரு பிடி போதும், போய்ச் சேந்துரும்" என்று சொல்லி, கட்டைப் பிரித்து அவர் கையில் நாலு ஆர்க்கு எடுத்துக் கொடுத்தார். அவர் கன்றுக்குட்டிப் பக்கம் குனிந்தார். அம்மாள் இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து, 480 ரூபாய்க்குச் சில்லறை தேட ஆரம்பித்தார்.